நுரை கட்டினால் ஊற்றிவிடு

இருபத்தாறு வருசம்
எண்ணெய் பார்த்தவன் நான்.
கஸ்தூரியார் வீதி, மின்சார நிலைய வீதி,
பஸ்நிலையத்தின் பின்பக்கம்,
திருவிழா நாளில் நல்லூரடி,
தாச்சிக்குள் எட்டிப் பார்த்து
ஆறிய துளியை விரலில் தொட்டு மணந்து
‘காறல்’ என்று எழுதிக் கையொப்பமிட்டவன்.

கறுத்தால் ஒரு எச்சரிக்கை.
காயமுன்னம் புகைந்தால் இன்னொன்று.
வடையை அள்ளி எடுத்த பிறகும்
நுரை அடங்காமல் நின்றால்
அந்த எண்ணெய் செத்தது.
நானே நின்று வாளிக்குள் ஊற்றுவிப்பேன்.

இன்று பெரியாஸ்பத்திரியில்
என் மணிக்கட்டால் வயர் விட்டு
நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.
திரையில் ஒரு கறுப்புக் கிளை
ஓரிடத்தில் மெலிந்து நூலாகி
பிறகு ஒன்றும் நடவாததுபோல் தடித்தது.
‘எழுபத்தைஞ்சு வீதம்’ என்றார்கள்.
பாடசாலையில் அவ்வளவு எடுத்ததில்லை நான்.

அடுத்த கட்டிலில்
பற்றிஸ் கடை மரியநேசன்.
இரண்டு தரம் வழக்குப் போட்டிருக்கிறேன்.
‘ஐயாவுக்கும் இதுதானோ?’
‘இதுதான்.’
‘நான் என்ர கடைச் சாமான் வாயில வைக்கிறேல்லை.
மணத்துக்கே பிரட்டும்.
சிகரெட் மட்டும்தான்.’

நான் வைத்தேன்.
பரிசோதனை முடிய
வாழையிலைத் துண்டில் வந்த இரண்டு ரோல்ஸ்,
தேத்தண்ணியோடு,
நின்றபடியே.
அன்றைக்குக் கொப்பியில்
எண்ணெய் ‘திருப்தி’.

டொக்டர் அபிதாரணிக்கு முப்பது வயதிராது.
ரிப்போட்டின் பின்பக்கத்தில் படம் கீறினா.
கானுக்குள் கூழ் அடைக்கிற மாதிரி இல்லையாம்.
கொழுப்பு சுவருக்குள்ளே புகுந்து ஒளிக்குமாம்.
அங்கே ஒக்சிசன் அதைப் பிடிக்கும்,
வெட்டிவைத்த கத்தரிக்காயைக்
காற்றுப் பிடிப்பதுபோல,
பண்ணைப் பாலத்து உப்புக்காற்று
என் சைக்கிள் செயினைத் தின்றதுபோல.
சிகரெட் புகை அதற்கு விசிறி.
கெட்ட கொழுப்பைப் பிடிக்கவென்று
இரத்தத்திலிருந்து காவல் வரும்.
வந்தது தின்னும்.
தின்றது போதுமென்று
அதுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.
ஊதி, வெளுத்து,
வெளியே போக வழி மறந்து
சுவருக்குள்ளேயே செத்துக் கிடக்கும்.
‘பேர் நுரைக்கலம்’ என்றா.

‘நுரையோ?’

என் குரலுக்கு மிஸி திரும்பிப் பார்த்தா.
மரியநேசன் சிரித்தான்.
சிரிப்பு நெஞ்சில் பிடித்து
இருமி, பிறகும் சிரித்து,
‘ஐயா ஊத்தச் சொல்லுவியளே,
இப்ப எங்க ஊத்துறது?’

ஸ்காபரோவிலிருந்து மைத்துனர் அனுப்பிய
விற்றமின் ஈ போத்தலைக் காட்டினேன்.
காற்றுப் பிடியாமல் காக்குமென்று
மூடியில் சூரியன் படம்.
ஆயிரக்கணக்கான ஆட்களில் பார்த்தாச்சு,
மாரடைப்பைக் குளிசை தடுக்கவில்லை என்றா.
கத்தரிக்காய்க்குத் தேசிக்காய்ப் புளி விட்டால்
கறுக்காது, நான் கண்டிருக்கிறேன்.
‘நீங்கள் கத்தரிக்காய் இல்லை, அங்கிள்.
தேசிக்காயைச் சாப்பாட்டில விடுங்கோ,
கீரையைச் சாப்பிடுங்கோ,
நடவுங்கோ.’
போத்தல் மேசையிலேயே நிற்கிறது.
எறிய மனமில்லை, திறக்கவும்.

இரவு.
மின்விசிறிக்கு ஒரு பக்கம் இழுப்பு.
எந்தக் காற்று உள்ளே போய்
எங்களை இருத்தி வைக்கிறதோ
அதுவே உள்ளிருந்து அரிக்கிறதென்று
யாரிடம் முறையிடுவது?
காவல் வந்த அந்தக் கலத்தை நினைக்கிறேன்.
கையில் கொப்பி இருந்திருக்கும்.
முதல் நாள் ஒரு துளிதான் தொட்டிருக்கும்.

‘நேசன், நித்திரையோ?’
‘இல்லை.’
‘கடையை இப்ப ஆர் பாக்கிறது?’
‘மனிசி.’
‘எண்ணெய்?’
கனநேரம் பேச்சில்லை.
அவனுடைய மொனிற்றரில்
பச்சைக்கோடு ஒரு தரம் எகிறிப் படுத்தது.
‘போன கிழமையான் தான் ஐயா.
நுரைக்குதாம். போனில சொன்னவள்.’

வலது மணிக்கட்டில் இறுக்கிய கட்டு.
எழுத ஏலாது.
‘ஊத்தச் சொல்லு’ என்றேன்.
அவன் தலையணைக்கடியில்
போனைத் தேடுகிற சத்தம்.